மாலேச் சம்பளம்

சதுரங்கப்பட்டினம் குப்பத்தில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்ததால் அவளுக்கு வேண்டா என்று பெயர் வைத்தார்கள். அப்படி வைத்தால் அடுத்தது ஆணாக வரும் என்று நம்பிக்கை. அடுத்தது வருவதற்குள், ஒரு ஐப்பசியில் கடலுக்குப் போன அவள் அப்பா திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒருத்தர் இரக்கப்பட்டு, "நல்ல பேரா மாத்திடலாமா?" என்று கேட்டபோது, "இருக்கட்டும் டீச்சர், கூப்ட்டா திரும்பிப் பாக்கறேன் இல்ல" என்றாள்.

அந்தத் துணிச்சலோடுதான் மிஷன்காரர்கள் உதவியில் நர்ஸ் படிப்பை முடித்தாள். செங்கல்பட்டில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் வேலை கிடைத்தது. கல்பாக்கம், திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் போய் வருவாள். குப்பத்திலிருந்து வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் அவள்தான். ஆனாலும் கல்யாணம் என்று வந்தபோது குப்பத்துக்குள்ளேயே தனகோடியைக் கட்டிக்கொண்டாள்.

தனகோடி நல்லவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். அவனிடம் ஒரே ஒரு கோளாறு, சும்மா இருக்கத் தெரியாது. வேண்டாவின் அக்கா சாந்தாவின் புருஷன் சிங்காரமும் அவனும் பாதிப் பாதி போட்டு ஒரு ஃபைபர் போட் வைத்திருந்தார்கள். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்துப் படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டால், மற்ற ஆண்கள் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் தூங்குவார்கள். தனகோடி கரையிலேயே நடப்பான். டச்சுக்காரன் கோட்டை வரைக்கும் போவான், திரும்புவான், மறுபடியும் போவான். சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தாலும் காது கடல் பக்கமே இருக்கும். இரண்டொரு நாள் பொறுப்பான். அப்புறம் யார் தடுத்தாலும் கேட்காமல் போட்டைத் தள்ளிக்கொண்டு போய்விடுவான். அவன் திரும்புகிற வரைக்கும் வேண்டா அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள்.

வினிதா பிறந்தாள், பிறகு கிஷோர் பிறந்தான். வினிதா இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, மாலத்தீவில் ஓர் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. 1996ஆம் வருஷம் அது. வேண்டா மெட்ராஸ் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தாள். எடுத்துக்கொண்டார்கள்.

காகித வேலைகளைப் பார்த்த ஏஜெண்ட் ராமதாஸ். செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்கு எதிரே, ஒரு போட்டோ ஸ்டுடியோவுக்கு மேல்மாடியில் அவனுடைய ஆபீஸ். வேண்டாவும் தனகோடியும் போய் உட்கார்ந்ததும் கால்குலேட்டரைத் தட்டி அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நம்மூரு காசுக்குப் போட்டா இவ்ளோ வருது சிஸ்டர். இப்ப நீங்க வாங்கிகினு கீற சம்பளம் மாதிரி எட்டு பங்கு."

தனகோடி அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான். "குடும்பத்தையும் கூட்டினு போலாமா சார்?"

"தாராளமா. ஃபேமிலி விசா குடுப்பாங்க. நீங்க மட்டும் அங்க வேலை வெட்டிக்குப் போவக் கூடாது. அவ்ளோதான். ராஜா மாதிரி குந்திகினு சாப்பிடலாம்."

ராமதாஸ் சிரித்தான். தனகோடியும் சிரித்தான். வேண்டாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்று அப்போது அவளுக்கே புரியவில்லை.

நர்சிங் ஹோமில் அவளோடு வேலை பார்த்த மார்கரெட், அச்சரப்பாக்கத்துக்காரி. இரண்டு வருஷம் மாலத்தீவுத் தலைநகர் மாலேயில் இருந்துவிட்டு அந்தச் சித்திரையில்தான் திரும்பியிருந்தாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரு மத்தியானம் நோயாளிகள் இல்லாத நேரத்தில், கட்டுத் துணியை மடித்து அடுக்கிக்கொண்டே வேண்டா விஷயத்தைச் சொன்னாள்.

"நான் தனியா போனேன். நாலு நர்ஸுங்க ஒரு ரூம். அதனால மிச்சம் புடிச்சேன்" என்றாள் மார்கரெட். "குடும்பத்தோடன்னா வேற. அந்த ராமதாஸ் நம்மூரு காசுல கணக்கு சொல்லியிருப்பான். அங்க தக்காளிய அந்தூரு காசுல தானே வாங்கணும்? தண்ணியக்கூட வாங்கணும். முளைக்கறதுன்னு அங்க தென்னை மரத்தத் தவிர ஒண்ணுமில்ல."

"வயித்துக்குப் பத்துமா பத்தாதா? அத சொல்லு."

"சிக்கனமா இருந்தா நாலு வயித்துக்குப் பத்தும்." மார்கரெட் துணியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்தாள். "உங்க வூட்டுக்காரர் ரெண்டு வருசம் சும்மா குந்தியிருப்பாரா?"

"இருப்பாரு" என்றாள் வேண்டா.

சொன்ன கையோடு தெரிந்துவிட்டது, பொய் சொல்கிறோம் என்று. மார்கரெட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். துணியை எடுத்து மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலமே வேண்டா தனகோடியிடம் பேசிப் பார்த்தாள். "நான் மட்டும் போயிட்டு வரேன்யா. ரெண்டு வருசம். சாந்தாக்கா புள்ளைங்கள பாத்துக்கும்."

"நீ அங்க, நான் இங்கயா? குப்பத்துல எவன் எவன் வாய நான் மூடறது? பொண்டாட்டிய சம்பாரிக்க அனுப்பிட்டு குந்தி துண்றான்னு சொல்லுவானுங்க."

"அங்க வந்தா மட்டும் இன்னா பண்ணப் போற?"

"புள்ளைங்கள இஸ்கூலுக்கு இட்டுனு போவேன், இட்டுனு வருவேன். சோறாக்குவேன். ஏன், எனக்கு சோறாக்க வராதா?"

கிஷோர் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். இவனை இரண்டு வருஷம் விட்டுவிட்டு இருக்க முடியுமா என்று நினைத்துக்கொண்டே அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். சம்பளம் பத்தும் என்று மார்கரெட்டே சொல்லிவிட்டாளே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மார்கரெட் கேட்ட கேள்வியைத் தனகோடியிடம் அவள் சொல்லவே இல்லை.

பயணச் செலவுக்காகப் போட்டில் தன் பாதியைச் சிங்காரத்திடமே விற்றான் தனகோடி. பணத்தைக் கொடுக்கும்போது சிங்காரத்தின் முகம் சரியாக இல்லை.

"வேணான்டா சகல. பணம் வேணும்னா கைமாத்தா வாங்கிக்க. போட்ட வித்துட்டுப் போவாத. வந்தா எதுல ஏறுவ?"

"வந்தாதானே அண்ணாத்த" என்றான் தனகோடி சிரித்துக்கொண்டே. வந்த பிறகு புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னான். ஆனால் சாந்தா உள்ளேயிருந்து, "வாயக் கழுவுய்யா" என்று கத்தினாள்.

திருவனந்தபுரம் வரைக்கும் ரயில், அங்கிருந்து விமானம். விமானம் இறங்கும்போது கீழே எங்கே பார்த்தாலும் தண்ணீர், நடுவே ஒரு கட்டடக் குவியல். தண்ணீரில் யாரோ ஊரைக் கொட்டிவைத்தது போல இருந்தது. இதிலா இரண்டு வருஷம் என்று வேண்டா நினைத்தாள். தனகோடி ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "எவ்ளோ தெளிவா கீது பாரேன் தண்ணி" என்றான்.

ஆஸ்பத்திரியில் இருப்பிடம் கொடுத்தார்கள், ஆனால் தனி ஆளுக்கு மட்டும். குடும்பம் என்றால் வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு மூன்று மாடி வீட்டின் பின்பக்கம், ஜன்னல் இல்லாத ஓர் அறை கிடைத்தது. சம்பளத்தில் பாதிக்கு மேல் வாடகைக்கே போயிற்று. பள்ளிக்கூடத்துக்குக் கட்டி, அரிசி பருப்பு வாங்கி, குடிதண்ணீர் வாங்கினால், மாதக் கடைசியில் தக்காளி வாங்கும்போது கை தயங்கும். மார்கரெட் சொன்னபடியே நாலு வயிறும் நிரம்பியது. ஊருக்கு அனுப்புவது என்ற பேச்சே இல்லாமல் போயிற்று.

முதல் சில மாதங்கள் தனகோடி சொன்னபடி நடந்துகொண்டான். பிள்ளைகளைக் கூட்டிப் போனான், சோறாக்கினான், வேண்டாவின் சேலையைக்கூட அலசிப் போட்டான். வேலையெல்லாம் முடிந்ததும், "ஒரு சுத்து சுத்திட்டு வரேன்" என்று கிளம்புவான். அந்த ஊரைச் சுற்றி வர ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவன் திரும்பத் திரும்பச் சுற்றினான். எந்தத் தெருவில் போனாலும் முடிவில் கடல்தான் வந்து நிற்கும். மீன் மார்க்கெட் துறையில் படகுகள் வந்து அணைவதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அங்கேயும் படகுக்குத் தோணி என்றுதான் பெயர் என்று ஒருநாள் வந்து ஆச்சரியமாகச் சொன்னான். இன்னொரு நாள், அந்த ஊர்க்காரர்கள் கழியும் தூண்டிலுமாகச் சூரை மீனை எப்படி அள்ளிப் போடுகிறார்கள் என்று கையை வீசிக் காட்டினான். அவன் முகத்தில் வெகுநாள் கழித்து வெளிச்சம் இருந்தது. வேண்டா அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பிறகு வீட்டுக்கு மீன் வர ஆரம்பித்தது. முதலில் ஒன்று. "துறையில ஒருத்தர் சும்மா குடுத்தாரு." அடுத்த வாரம் ஒரு கோணிப்பை. அப்புறம் தக்காளியும் வந்தது, கிஷோருக்குப் புதுச் செருப்பும் வந்தது. வேண்டா பகல் வேலையில் இருக்கும்போது, பிள்ளைகள் பள்ளியில் இருக்கிற நேரத்தில், அவன் சட்டையில் டீசல் வாசனை ஏறிக்கொண்டிருந்தது.

அவள் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வான். சொல்லிவிட்டால் அவள், போகாதே என்று சொல்லியாக வேண்டும். போகாதே என்றால் மறுபடியும் மாதக் கடைசி. பிடிபட்டால் விசா போகும், வேலை போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேரும்போதே கையெழுத்து வாங்கியிருந்தார்கள். ஆனாலும் மீனை ஆய்ந்து குழம்பு வைத்தாள். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டுச் சாப்பிட்டார்கள்.

இரண்டாம் வருஷத் தொடக்கத்தில் ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது, தனகோடி வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தான். துண்டு சிவந்து கிடந்தது. பிரித்துப் பார்த்தாள். சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே சதை கிழிந்து உள்ளங்கை வரை பிளந்திருந்தது.

"சுறாத் தூண்டில். இழுக்கசொல்ல கையில மாட்டிகிச்சு."

"ஆஸ்பத்திரிக்கு வா."

"எப்டி ஆச்சுன்னு கேப்பாங்களே மே."

கேட்பார்கள்தான். அவள் கதவைச் சாத்திவிட்டு, கொதித்த தண்ணீரால் கழுவி, மருந்து போட்டு இறுக்கிக் கட்டினாள். கடையில் மாத்திரை வாங்கி வந்து கொடுத்தாள். தையல் போட வேண்டிய புண் என்று கையைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு யார் கையாக இருந்திருந்தாலும் அடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பாள்.

புண் ஓரத்தில் சிவப்பு இன்னும் அடங்கவில்லை. அதற்குள் அவன் வேலைக்குப் போய்வந்த தோணியின் சொந்தக்காரர் ஆள் அனுப்பிவிட்டார். இந்த முறை தூரத்துக் கடல், இரண்டு ராத்திரி தங்க வேண்டும். "ஈரம் படக் கூடாது" என்றாள் வேண்டா. கடலுக்குப் போகிறவனிடம் சொல்லுகிற சொல்லா அது. அன்றைக்குத்தான் முதல்முறையாக, அவன் எங்கே போகிறான் என்பது தனக்குத் தெரியும் என்று அவள் காட்டிக்கொண்டாள். வினிதாவின் பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணம் பாக்கி நின்றது. பையில் மாத்திரைகளை வைத்துக் கொடுத்தாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

வர வேண்டிய நாளில் தோணி வரவில்லை. மறுநாளும் வரவில்லை. பிள்ளைகளைப் பக்கத்து அறைப் பெண்ணிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். ஊசி போட்டாள், நாடி பிடித்தாள். ஆஸ்பத்திரி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் கடல் பளிங்கு போலக் கிடந்தது. காற்றே இல்லை. புயலில்லாத கடலில் ஒரு படகு வராமலிருப்பது புயலில் வராமலிருப்பதைவிட மோசம் என்று குப்பத்தில் வளர்ந்தவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் அவள் வேலை முடிந்து திரும்பியபோது தோணியின் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். வயதானவர். அவருடைய சொந்தத் தம்பியும் அந்தத் தோணியில் போயிருந்தார். அரைகுறை ஆங்கிலத்தில் அவர் சொன்னது இதுதான்: எஞ்சின் நின்றிருக்கும், தெரிந்த படகுகளைத் தேடச் சொல்லியிருக்கிறேன். கடற்காவல்காரர்களிடம் சொன்னால் யார் யார் படகில் என்று கேட்பார்கள். உன் கணவர் பேரைச் சொல்ல வேண்டி வரும். எனக்கும் கேடு, உனக்கும் கேடு. நாளைக்குக் காலை வரை பொறு.

வேண்டா சரி என்று தலையசைத்தாள்.

அந்த இரவு எப்படிப் போயிற்று என்று பின்னாட்களில் யாரிடமும் அவள் சொன்னதில்லை. விடிந்ததும் தோணிக்காரர் வருவாரா என்று காத்திருக்கவில்லை. குளித்தாள், வெள்ளை உடையை உடுத்திக்கொண்டாள், நேராகத் தலைமை நர்ஸ் அறைக்குப் போனாள். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"என் வீட்டுக்காரர் மீன்பிடிப் படகில் வேலைக்குப் போயிருக்கிறார். படகு திரும்பவில்லை. தேடச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். சொல்லும்போதே, அங்கே தான் வேலை பார்த்த ஒவ்வொரு நாளும் அழிந்துபோவது தெரிந்தது.

உடனே தேடினார்கள். அன்று பொழுது சாயும் முன்பே தெற்கே வெகு தூரத்தில் தோணியைக் கண்டுபிடித்தார்கள். எஞ்சின் செத்து, நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. தோணியிலிருந்த நான்கு பேருக்கும் உயிர் இருந்தது. குடிதண்ணீர் தீர்ந்து உதடு வெடித்துக் கிடந்தார்கள். தனகோடியைத் தூக்கிவந்து அவள் வேலை செய்த வார்டிலேயே போட்டார்கள். காய்ச்சல் கொதித்தது. கட்டைப் பிரித்த டாக்டர் வேண்டாவைப் பார்த்தார். உப்புத் தண்ணீரில் ஊறிய கை மணிக்கட்டு வரைக்கும் கறுத்து வீங்கியிருந்தது. மோதிர விரலையும் சுண்டு விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. ஒருநாள் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். அவர் நிறுத்திய இடத்திலிருந்து மீதியை வேண்டா தனக்குள் எத்தனையோ வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. தலைமை நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விதி என்று ஒன்று இருக்கிறதே என்று வருத்தப்பட்டார். கை ஆறும் வரை இருக்க விட்டார்கள். பிறகு குடும்பத்தோடு விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் வந்து இறங்கியபோது சிங்காரம்தான் முதலில் தனகோடியின் கையைப் பார்த்தான். பெட்டியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். போட்டில் மறுபடியும் பாதிப் பங்கு தருகிறேன், பணம் மெதுவாகக் கொடு என்றான் பிறகு. தனகோடி ஒருமுறை ஏறிப் பார்த்தான். மூன்று விரலில் வலைக்கயிறு நிற்கவில்லை. பாதி தூரத்திலேயே திரும்பச் சொல்லி இறங்கிவிட்டான். அப்புறம் கடலில் காலை வைக்கவில்லை. கரையில் மீன் ஏலம் விடுகிறவர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்தான், கூடை நிறுத்துக் கொடுத்தான். மழைக்காலத்தில் எல்லோரையும் போல அவனும் வீட்டிலேயே இருந்தான். கோட்டை வரைக்கும் நடக்கிற பழக்கம் போய்விட்டது. அவன் அப்படி அசையாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கையில், முன்பு அவன் கடலில் இருந்தபோது வந்த பயம் வேண்டாவுக்கு வரும்.

நர்சிங் ஹோமில் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள், புதிதாக வந்தவளுக்குக் கொடுக்கும் சம்பளத்தில். பழையபடி திருக்கழுக்குன்றம் பஸ். சேர்ந்து நாலைந்து வருஷத்தில் வார்டுப் பொறுப்பு அவளிடம் வந்தது. வினிதா ஒன்பதாவதுக்கு வந்தாள்.

2003இல் மஸ்கட்டிலிருந்து மார்கரெட் நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தாள். அவள் அங்கே போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. "எங்க ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்க. நான் சொன்னா எடுத்துப்பாங்க. வீடு அவங்களே குடுக்கறாங்க, குடும்பத்தோடயே வரலாம். அவருக்கும் ஏதாவது வேலை பாக்கலாம், முறையா, விசாவோட. நல்லா யோசிச்சுச் சொல்லு." சம்பளத்தையும் சொன்னாள்.

இரண்டு நாள் வேண்டா அதை மனசிலேயே வைத்திருந்தாள். மூன்றாம் நாள் சாப்பாடு போடும்போது சொல்லிவிட்டாள். இனிமேல் ஒன்றையும் அவனிடம் மறைப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தாள்.

தனகோடி இடது கையால் சாப்பிடப் பழகவில்லை. மிச்சமிருந்த மூன்று விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "எம்மாம் தராங்களாம்?"

சொன்னாள்.

வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. ஐப்பசி பிறந்திருந்தது, படகுகளை மேட்டில் ஏற்றிவிட்டார்கள். வினிதா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். அவன் அந்தக் கவளத்தை மென்று விழுங்கி, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தான்.

"பத்தாது மே" என்றான்.

அந்தச் சம்பளத்தில் இரண்டு குடும்பம் நடத்தலாம். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"ஆமாய்யா, பத்தாது" என்று சொல்லிவிட்டு வேண்டா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினாள். மறுநாள் செங்கல்பட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், எஸ்டிடி பூத்துக்குப் போய் மார்கரெட்டிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.